முள்ளு 60லதான் நிக்குது

இன்னிக்கு நண்பரோட பழைய கார்ல ஒரு ரவுண்டு. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர் வச்ச வண்டி, அந்தக் கலவையில பெட்ரோலைக் கூட்டுற சோக்கை இழுத்து வச்சதும் ரெண்டு தடவை இருமிட்டு அப்புறம்தான் ஸ்டார்ட் ஆச்சு.

ஸ்டியரிங் நடுங்குது, கியர் லீவர் தனியா ஒரு ஆட்டம் ஆடுது, கண்ணாடி கடகடங்குது, சரி பறக்குறோம்னு நெனச்சு மீட்டரைப் பார்த்தா முள்ளு 60ல நிக்குது.

60!

என் வண்டியில 100ல போனாலும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1964ல வந்த போர்ஷே 911, அந்தக் காலத்து கனவு வண்டி, 130 குதிரைத்திறன், 100 கி.மீ. வேகத்தைத் தொட 9 செகண்டு. இப்போ டர்போ போட்ட குடும்ப கார் பலதும் அதே நேரத்துல தொட்டுடுது. எலக்ட்ரிக்ல சிலது 4 செகண்டுக்குள்ள, மோட்டார் நின்ன இடத்துலேர்ந்தே முழு டார்க்கையும், அதான் சக்கரத்தைச் சுத்துற விசையை, குடுத்துடுதே.

ஆனா என்னை மிரட்டுனது வேகம் இல்ல, பிரேக். மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுதான் நிக்குது, பயந்து அழுத்துனா வீல் லாக் ஆகி வழுக்குது. அப்படி வீல் லாக் ஆகாம பாத்துக்கிற ஏபிஎஸ் 1978ல பென்ஸ் எஸ் கிளாஸ்ல ஆப்ஷனா வந்த சமாச்சாரம், இப்போ சின்ன கார்லயே இருக்கு, நாம கண்டுக்கிறதே இல்ல.

இறங்குறப்போ சட்டையெல்லாம் பெட்ரோல் வாசம். மறுபடி எப்போ போலாம்னு கேட்டுட்டுதான் வந்தேன்.