முன்னால் குனிந்து உட்கார்ந்த இரவு

ஆகஸ்ட் 24, 2021, செவ்வாய்

சனிக்கிழமை மகனுக்கு ஃபைசர் கொரோனா தடுப்பூசி, இரண்டாவது டோஸ். ஞாயிறு முழுக்கக் காய்ச்சல், திங்கள் தெளிந்துவிட்டான். இன்று காலை நெஞ்சு வலிக்கிறது என்றான். 17 வயது, கால்பந்தே கதி என்று இருப்பவன். கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரவு மல்லாந்து படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தான். "இப்படி இருந்தா பரவால்லம்மா, சாஞ்சா குத்துது." மணி பதினொன்றரை. இனி காத்திருக்கப் போவதில்லை, பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.

ஆகஸ்ட் 25

ஈசிஜியில் மாற்றம். ரத்தத்தில் ட்ரோபோனின் எகிறியிருந்தது. சில மணி நேரம் கழித்து எடுத்தபோது இன்னும் ஏறியிருந்தது. இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதமாம். மாரடைப்பா என்று கேட்டேன். இல்லை, மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தசை அழற்சி என்றார் டாக்டர். இதயத்தைச் சுற்றியுள்ள உறையும் புண்பட்டிருக்கிறது, குனிந்தால் வலி குறைவது அதனால்தான்.

ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்குப் பின் அரிதாக வருவது. பெரும்பாலும் பதின்வயது, இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு, இரண்டாவது டோஸ் போட்ட சில நாட்களுக்குள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஜூன் மாதமே எச்சரிக்கை சேர்த்துவிட்டது. ஊசி போட்ட இடத்தில் எங்களிடம் தந்த தாளில் காய்ச்சலும் கைவலியும்தான் இருந்தன. நெஞ்சு வலித்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வரி இருந்திருந்தால், நேற்றுக் காலையே இங்கே வந்திருப்பேன்.

ஆகஸ்ட் 27

அழற்சிக்கு இப்யூபுரோஃபென், கோல்ச்சிசின் மாத்திரைகள். வலி அடங்கிவிட்டது, எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாகவே பம்ப் செய்கிறது. நர்ஸ் ஈசிஜி ஒட்டுகளை உரித்தபோது நெஞ்சில் வட்டவட்டமாகச் சிவந்த தழும்பு. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 29

அண்ணன் போன் செய்தான். "அப்பவே சொன்னேன்ல, ஊசி வேண்டாம்னு." கோபம் வந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். எதிர்ப் படுக்கையில் இருக்கும் பையனுக்கும் இதே நோய்தான். அவன் ஊசியே போடவில்லை, கொரோனா வந்து போன பிறகு ஐசியூவரை போய் வந்தவன். காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்சா என்று எத்தனையோ வைரஸ்கள் காலங்காலமாக இதைச் செய்து வந்திருக்கின்றன. மொத்தத்தில் பார்த்தால் ஊசியைவிடக் கொரோனாவால்தான் இது அதிகம் வருகிறது. அதற்காக என் மகனுக்கு நடந்தது இல்லாமல் போய்விடாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அண்ணன் கேட்பானா?

செப்டம்பர் 20

எம்ஆர்ஐயில் இதயத்தசையில் சின்னத் தழும்பு ஒன்று. பெரும்பாலும் மங்கிவிடும், ஆனால் 3 முதல் 6 மாதம் ஓட்டம், ஆட்டம் கூடாது என்றார் டாக்டர். அழற்சி ஆறுவதற்குள் இதயத்தை விரட்டினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மகன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைத் துடைத்து, பையில் போட்டு, பரண்மேல் ஏற்றினான்.

பிப்ரவரி 26, 2022

இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர், டிரெட்மில் சோதனை, எம்ஆர்ஐ எல்லாம் சரி. மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் பரணிலிருந்து பையை இறக்கிக் கொடுத்தேன். பூட்ஸ் ஒரு சைஸ் சிறிதாகிவிட்டிருந்தது.