ஆல்ஃபா ஓநாயும் அப்பாவின் வாயுப் பிடிப்பும்

மொபைலைத் திறந்தால் போதும், யாராவது ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்று ‘ஆல்ஃபா ஆண்’ ஆவது எப்படி என்று வகுப்பெடுக்கிறார். அழாதே, இறங்கிப் போகாதே, யாருக்கும் பதில் சொல்லாதே, நீ ஓநாய்க் கூட்டத்தின் தலைவன்.

சரி, ஓநாயையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கதைக்கு வேர், ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதியது. அடைத்துப் போட்டால் அடித்துக்கொள்ளத்தானே செய்யும்! அதை 1970-இல் தன் புத்தகத்தின் வழியே ஊரெல்லாம் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், பிறகு காட்டு ஓநாய்களின் பின்னாலேயே வருடக்கணக்கில் அலைந்துவிட்டு, 1999-இல் அவரே அதை மறுத்து எழுதினார். காட்டில் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான்: அப்பா, அம்மா, பிள்ளைகள். ஆல்ஃபா ஆல்ஃபா என்று இவர்கள் மிரட்டுவது யாரைக் காட்டி என்றால், தின்றதைக் கக்கிக் குட்டிக்கு ஊட்டுகிற ஒரு அப்பாவை.

என் அப்பாவுக்கு ஒரு முறை நெஞ்சு வலி வந்தது. இரண்டு நாள் “வாயுப் பிடிப்பு” என்றே சொல்லிச் சமாளித்தார். இஞ்சியைத் தட்டிக் குடித்தார், அம்மா கேட்டால் எரிந்து விழுந்தார். இரண்டாம் நாள் விடியற்காலையில் பனியன் தொப்பலாக நனைந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், அப்போதும் செருப்பை அவரே குனிந்து மாட்டிக்கொண்டார். “இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் இல்லை. பிழைத்துக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து என்னிடம் மட்டும், “பயந்துட்டேன்டா, சொன்னா உங்க அம்மாவும் பயந்துடுவா” என்றார். இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம். அது வெறும் வீம்பு என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், அதற்குள் பாசமும் கிடக்கிறதே.

உலக அளவில் தற்கொலையால் சாகும் ஆண்கள் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்றிரண்டு அல்லதான், ஆனால் வாயைத் திறக்காத இந்தப் பழக்கத்துக்கு அதில் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆண்கள் பாவம் என்று கொடி பிடிக்கவும் வரவில்லை. வெளியே சொல்லாத பயம் வீட்டுக்குள் கோபமாகத்தான் வருகிறது, அதை வாங்கிக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அப்பா எரிந்து விழுந்த அந்த இரண்டு நாளும் அம்மா பேசாமல் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு பேசுகிற நான் போன வாரம் மகனை ஊசி போடக் கூட்டிப் போனேன். ஐந்து வயது. பஞ்சைப் பார்த்ததுமே உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. யோசிக்கவே இல்லை, என் வாயிலிருந்து தானாக வந்தது: “ஆம்பளப் பிள்ளை அழலாமாடா?”

டக்கென்று நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சி எச்சிலை விழுங்கினான். நர்ஸ் அவன் கன்னத்தைத் தட்டி, “சமத்து” என்றார்.