மொறிஸ் மைனருக்கு ரைமிங் செயின் மாற்றிய கதை

எங்கள் மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டு வண்டி. 948 சிசி எஞ்சின், நாலு கதவு, அப்பாவின் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்திலேயே ஓடுகிறது. ஐடிலிங்கில் விட்டால் எஞ்சினின் முன்பக்கத்தில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அக்சிலறேற்றரைக் கொஞ்சம் மிதித்தால் அடங்கும், காலை எடுத்ததும் திரும்ப வரும். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மொறிஸ் எண்டா உந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும், போட்டு ஓடு."

இந்தப் பதிலை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இந்த ஏ சீரிஸ் எஞ்சினை 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் போட்டார்கள், 2000இல் மினி நிற்கும்வரைக்கும் அதே குடும்பத்து எஞ்சினைத்தான் செய்தார்கள். அரை நூற்றாண்டு விற்ற ஒரு எஞ்சின் தொழிற்சாலையை விட்டு வரும்போதே கரகரத்துக்கொண்டு வந்திருக்குமா?

சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ரைமிங் கவரில், அதாவது கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் அச்சு) காம் ஷாஃப்ற்றையும் (வால்வுகளைத் திறக்கும் அச்சு) இணைக்கும் ரைமிங் செயினின் மூடியில், ஊன்றிக் கேட்டால் சத்தம் அங்கேதான் பலமாக இருந்தது. ஆனால் ஃபான், டைனமோ, வோட்டர் பம்ப் எல்லாமே அந்தப் பக்கம்தானே. ஃபான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டேன். சத்தம் போகவில்லை. அதோடு அந்த மூன்றும் கணக்கிலிருந்து கழிந்தன.

அடுத்த சோதனையைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக் அண்ணை. இப்போது கராஜை மூடிவிட்டார். "தம்பி, செயினைப் பாக்கக் கவர் கழட்டத் தேவையில்லை. டிஸ்றிபியூற்றர் மூடியைக் கழட்டிப்போட்டு ஹான்டிலைச் சுத்திப் பார்" என்றார். இந்தக் கார்களுக்கு முன்னாலிருந்து சுற்றும் ஹான்டில் உண்டு. அதை முன்னுக்குச் சுற்றி நிறுத்திவிட்டு மெதுவாகப் பின்னுக்குத் திருப்ப வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்றிபியூற்றரைச் சுற்றுவது காம் ஷாஃப்ற். ஆகவே கிராங்க் அசையத் தொடங்கியதற்கும் டிஸ்றிபியூற்றருக்குள் சுழலும் றோற்றர் அசையத் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு சும்மா சுற்றுகிறதோ, அதில் பெரும்பங்கு செயினின் தளர்வு. டிஸ்றிபியூற்றரை ஓட்டும் பல்லிலும் கொஞ்சம் தளர்வு இருக்கும், அதை ஒதுக்கிவைத்துத்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பாகைமானியைப் படியெடுத்துப் புல்லியில் ஒட்டிப் பார்த்தேன். புல்லி ஏறக்குறைய பத்துப் பாகை போகும்வரைக்கும் றோற்றர் ஆடாமல் நின்றது. இதற்குப் பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இவ்வளவு தேய்ந்ததற்கு நான் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் காரும் அப்படித்தான் ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுவதும் ஆவியாகாது. எரியாத பங்கு சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே போய் ஒயிலோடு கலந்துவிடும். நல்ல ஒயில் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நாட்களில், கிடைத்த ஒயிலும் இப்படித் தண்ணியாகியிருக்கும். செயினுக்கும் அதே ஒயில்தான்.

சாமான் வாங்குவதில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்த எஞ்சினுக்குக் கம்பனி போட்டது ஒற்றை வரிச் செயின். அதற்கென்று தனி ரென்ஷனர் (செயினை இறுக்கிவைக்கும் கருவி) கிடையாது. காம் ஷாஃப்ற் பல்சக்கரத்தின் பற்களுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு றப்பர் வளையம் இருக்கும், செயின் அவற்றின்மேல் அழுந்தி ஓடும், சத்தத்தை அடக்குவது அந்த வளையங்கள்தான். மினி கூப்பர் எஸ் வகைக்கு இரட்டை வரிச் செயின் வந்தது, அதில் றப்பர் இல்லை. இன்றைக்கு மைனர் வைத்திருப்பவர்களில் பலர் இரட்டை வரியைத்தான் போடச் சொல்வார்கள். அண்ணையும் அதைத்தான் சொன்னார்.

நான் ஒற்றை வரியையே போட்டேன். இரட்டை வரிச் செயின் அகலம் கூடியது, எஞ்சினின் முன் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ற்களின் தலையில் அது முட்டும். அந்த இரண்டையும் கழற்றி, துளைகளின் வாயைச் சரிவாகக் குடைந்து, தலை உள்ளே அமிழும் ஸ்குறூக்களைப் போட வேண்டும். எஞ்சினை இறக்கி மேசையில் வைத்துச் செய்தால் அது பெரிய வேலை இல்லை. காருக்குள் வைத்தபடி, கிறிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் ட்ரில்லைச் சரித்துப் பிடித்து இரும்புத் தூளைக் கொட்டிக்கொண்டு குடைய எனக்கு மனமில்லை. 948 எஞ்சினின் சக்தி வெறும் 37 குதிரைவலு. கூப்பர் எஸ்ஸின் வேகத்துக்குச் செய்த செயினை இதற்குப் போட்டு என்ன காணப்போகிறோம்?

பழைய சாமானுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தையை விட்டால் வேறு கதி இல்லை என்பார்கள். அங்கே செயின் கிடைத்தது. ஆனால் பல்சக்கரம் பாவித்ததுதான் இருந்தது. புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் பல்லின் தேய்மானத்துக்கு ஏற்றபடி செயினும் கெதியில் கெட்டுப்போகும். லண்டனிலிருந்து கோவில் திருவிழாவுக்கு வந்த மச்சான் முழு செற்றையும் பையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார்: செயின், இரண்டு பல்சக்கரம், றப்பர் வளையங்கள், மடக்கு வொஷர்கள், கஸ்கற், ஒயில் சீல்.

முதலில் பற்றறி. மைனரில் உடலோடு பிணைப்பது பொசிற்றிவ் முனை. இன்றைய கார்களோடு பழகிய கை அதை மறந்துவிடும். தண்ணீரை வடித்து, ஹோஸ்களைக் கழற்றி, றேடியேற்றரை மேலே தூக்கி எடுத்தேன். ஒயிலையும் வடித்தேன், அதைப் பழைய வேட்டித் துண்டால் வடிகட்டிப் பார்த்தபோது கறுப்பாகச் சில துணுக்குகள் தங்கின. விரலால் நசுக்கினால் நசியவில்லை, வளைத்தால் முறிந்தன. றப்பர் வளையத்தின் துண்டுகள் என்பது கவர் கழன்ற பிறகு உறுதியாயிற்று.

இந்த வேலையில் உடம்பு வலிக்கும் கட்டம் ஒன்றே ஒன்றுதான். கிராங்க் புல்லியைப் பிடித்திருக்கும் பெரிய நட், ஹான்டில் மாட்டும் கொளுக்கியும் அதுவே. மடக்கு வொஷரை உளியால் நிமிர்த்திவிட்டு, காரை நாலாம் கியரில் போட்டு, மகனைப் பிறேக்கை அமத்தச் சொல்லிவிட்டு ஸ்பனரில் தொங்கினேன். அசையவில்லை. ஸ்பனரைச் சட்டத்தில் முட்டக் கொடுத்துவிட்டு ஸ்ராட்டரைத் தட்டிக் கழற்றுகிற வழியும் உண்டு. ஸ்பனர் தெறித்தால் முழங்கையோ ஃபெண்டரோ போகும், எனக்கு அது சரிவராது. இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். இந்த எஞ்சினுக்கு அது பழகின திரவம்தானே. காலையில் ஸ்பனரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி, ஆள் பாரத்தை மெதுவாகக் கொடுக்க, ஒரு கிறீச்சோடு இளகியது.

புல்லியை இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்ப வெளியே வந்தது. ரைமிங் கவரின் போல்ற்கள் இரண்டு அளவு, கால் அங்குலமும் பதினாறில் ஐந்து அங்குலமும். ஒரு அட்டையில் கவரின் படத்தைக் கீறி, எந்தத் துளையின் போல்ற்றோ அந்த இடத்தில் குத்திவைத்தேன். இந்த எஞ்சினில் ஒரு வசதி, ரைமிங் கவர் ஒயில் சம்ப்போடு (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) சேரவில்லை, முன் தகட்டோடு மட்டும்தான். சம்ப்பைத் தொடத் தேவையில்லை.

உள்ளே பார்த்தபோது வெளிப்பக்க வளையத்தில் ஏறக்குறைய அரைவாசி காணவில்லை. மிச்சம் இருந்ததில் நகம் இறங்கவில்லை. செயினின் தளர்ந்த பக்கத்தை விரலால் தள்ளினால் தாராளமாக உள்ளே போனது. கவரின் உட்சுவரில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று மினுங்கியது. செயின் அங்கே உரசியிருக்கிறது, நான் கேட்ட கரகரப்பும் அந்த உரசல்தான்.

கழற்ற முன்னம் ஹான்டிலால் சுற்றி இரண்டு பல்சக்கரத்திலும் உள்ள புள்ளிகளை நேருக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இரண்டு அச்சின் மையங்களையும் இணைக்கும் கோட்டில் அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அப்போது கிராங்கின் சாவிப் பள்ளம் பன்னிரண்டு மணியிலும், காம் ஷாஃப்ற்றின் பள்ளம் ஒரு மணியிலும் இருக்கும். அதன்பிறகு புதுச் செயின் ஏறும்வரைக்கும் இரண்டில் எதையும் சுற்றக்கூடாது. காம் நட்டைக் கழற்றி, இரண்டு பல்சக்கரத்தையும் செயினோடு சேர்த்து மாறி மாறி நெம்பி எடுத்தேன். கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னால் மெல்லிய வொஷர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஒயிலோடு வழுகி விழுந்தால் தெரியவே தெரியாது.

பழைய செயினையும் புதியதையும் பக்கவாட்டாக ஒரு முனையில் பிடித்துப் பார்த்தேன். புதியது நேராக நின்றது, பழையது முற்றின புடலங்காய் போல வளைந்து தொங்கியது. இரண்டையும் மேசையில் நீட்டி வைத்தால் நீளத்தில் தெரிந்த வித்தியாசம் கொஞ்சம்தான். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மயிரிழை, அவ்வளவுதான். ஆனால் இத்தனை இணைப்பின் மயிரிழையும் கூடித்தான் அந்தப் பத்துப் பாகையைத் தின்றது.

புதுப் பல்சக்கரம் போடுவதால் நேர் பார்ப்பது கட்டாயம். இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் ஓடாவிட்டால் செயின் ஒரு பக்கமாகச் சாய்ந்து பல்லைத் தின்னும். செயின் இல்லாமல் இரண்டையும் அச்சுகளில் ஏற்றி, காம் சக்கரத்தின் குறுக்கே உருக்கு அடிமட்டத்தை வைத்து, கிராங்க் சக்கரத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். அந்த அளவிலிருந்து 0.005 அங்குலம் கழித்து வருவதுதான் பின்னால் போட வேண்டிய வொஷரின் தடிப்பு என்பது இந்த எஞ்சினுக்கான கணக்கு. பழைய வொஷர்களில் ஒன்றைக் குறைக்க வேண்டி வந்தது. "பழசு எப்படி இருந்ததோ அப்படியே போடு" என்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு செயினை மேசையில் வைத்தே சக்கரங்களில் மாட்டி, புள்ளிகளை எதிரெதிராக்கி, மூன்றையும் ஒன்றாகத் தூக்கிப்போய் அச்சுகளில் தள்ளினேன். புது றப்பர் வளையங்கள் இருப்பதால் செயின் இறுக்கமாகவே ஏறும், பயப்படத் தேவையில்லை. காம் நட்டை 65 இறாத்தல் அடிக்கு இறுக்கி வொஷரை மடக்கினேன். ஹான்டிலைப் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றியபோது புள்ளிகள் திரும்ப நேருக்கு நேர் வந்து நின்றன. காம் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒரு சுற்றில் அவை சந்திக்காது, இதை முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் கவரில் இருப்பது பழைய ஃபெல்ற் சீல். புதுச் சீலை ஒயிலில் ஊறவைத்துப் போட்டேன். ஒயில் தெறிக்கவிடும் தட்டின் குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பின்னாளில் றப்பர் சீல் வந்தபோது தட்டும் மாறியது. அந்தக் கவரோடு அந்தத் தட்டுத்தான் போக வேண்டும், கலந்தால் ஒயில் ஒழுகும். கவரின் போல்ற்களை விரலால் மட்டும் ஏற்றி, புல்லியை உள்ளே தள்ளி, சீல் புல்லியைச் சுற்றி நடுவாக அமர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். புல்லி நட் 70 இறாத்தல் அடி.

செயின் மாறினால் காமின் நேரமும் அதோடு டிஸ்றிபியூற்றரின் நேரமும் மாறியிருக்கும். ஆகவே டிஸ்றிபியூற்றருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்து, கவரின் அடியில் இருக்கும் நேரம் காட்டும் கூர்களைப் பார்த்து இக்னிஷனையும் திரும்ப வைத்தேன். அந்தக் கூர்கள் இருக்கும் இடத்தைத் தீர்மானித்தவர் ஒருநாளும் காருக்கடியில் படுத்திருக்கமாட்டார். வால்வு இடைவெளி குளிரில் 0.012. இதற்கு ஒன்பதின் கணக்கு என்று ஒன்று இருக்கிறது: எட்டாம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றாவதை, கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஸ்ராட் செய்ய முன்னம் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்ராட்டரால் சுற்றி ஒயிலை மேலே ஏற்றினேன். பிறகு பிளக்கைப் போட்டு இழுத்ததும் பிடித்துக்கொண்டது. முன்பக்கக் கரகரப்பு இல்லை. புல்லியில் ஒட்டிய பாகைமானியால் திரும்ப அளந்தேன், இப்போது தளர்வு மூன்று பாகைக்குள். அது டிஸ்றிபியூற்றர் பல்லின் பங்காக இருக்க வேண்டும். கீழ் வேகத்தில் இழுவை கூடியிருப்பது ஓடும்போது தெரிகிறது. அதில் எவ்வளவு செயினால், எவ்வளவு இக்னிஷனைச் சரியாக வைத்ததால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அண்ணை வந்து பொனற்றைத் திறந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "செயின் சரி. ஆனா மேல ஒரு ரிக் ரிக் கேக்குது, கவனிச்சனியோ?" என்றார். கவனித்தேன். இவ்வளவு நாளும் கரகரப்புக்குள் மறைந்திருந்த சத்தம் அது. இடைவெளி எல்லாம் சரியாக இருப்பதால் றொக்கர் ஷாஃப்ற் (வால்வுகளை அமத்தும் கைகளைத் தாங்கும் அச்சு) தேய்ந்திருக்க வேண்டும், அடுத்ததாகக் கழற்றப்போவது அதை. புது றப்பரின் துணுக்கு ஏதும் வருகிறதா என்று பார்க்க ஐநூறு மைல் ஓடியதும் ஒயிலைத் திரும்ப வடிகட்டுவேன். மழை தொடங்க முன்னம் இரண்டையும் முடித்துவிட வேண்டும். கொட்டிலின் கூரை ஒழுகும்.