சால்டரிங் பழகிய ஆறு வாரங்கள்

ஆறு வாரத்துக்கு முன்பு என் மேசையில் இருந்தது கம்பிகளைச் செருகிச் சுற்று அமைக்கும் ஒரு பிரெட்போர்டும், அதில் 555 என்ற டைமர் சிப்பை (ஐசி) வைத்துக் கட்டிய சுற்றும்தான். ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து 1972-ல் சந்தைக்கு வந்த ஐசி. இன்றும் புதிதாகக் கற்பவர்கள் கைக்கு முதலில் வருவது அதுதான். 1 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் எல்இடி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை மின்னும். மேசை லேசாக ஆடினால் ஏதோ ஒரு கம்பி கழன்று மின்னுவது நின்றுவிடும். இதைப் பிசிபியில், அதாவது செம்புத் தடங்கள் பதித்த மின்சுற்றுப் பலகையில், நிரந்தரமாகப் பற்றவைத்துவிடலாம் என்றுதான் சால்டரிங் அயர்னை எடுத்தேன்.

முதல் நாள் வைத்த எதுவும் ஒட்டவில்லை. அயர்ன் முனையில் சால்டர் எனும் பற்றவைக்கும் ஈயத்தை உருக்கி, அதைக் கொண்டுபோய் ரெசிஸ்டர் காலில் தடவினேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது. ஆறியதும் நகத்தால் நெம்பினேன், முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்தது. கால் பற்றவேண்டிய இடமான, பலகையில் பதிந்த சிறு செம்புப் பேட்டில் ஈயம் பட்ட சுவடே இல்லை.

காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. சால்டர் வயரின் நடுவில் ரோசின் என்கிற மரப்பிசின் ஓடுகிறது. அதுதான் ஃப்ளக்ஸ். செம்பின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடைக் கரைத்து விலக்குவது அதன் வேலை. நான் அதை முனையிலேயே புகையவிட்டு, வெறும் ஈயத்தை மட்டும் பேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பேட்டும் சூடாகவில்லை. அழுக்கும் குளிர்ச்சியுமாக இருக்கிற செம்பில் ஈயம் எப்படிப் பிடிக்கும்?

மூன்றாம் நாள் முறையை மாற்றினேன். முனை பேட்டையும் ரெசிஸ்டர் காலையும் ஒருசேரத் தொட்டபடி இருக்க, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணிவிட்டு, முனைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சால்டர் வயரைக் கொடுத்தேன். முதலில் வயரின் நுனி மங்கலாகக் குழைந்தது. அடுத்த கணம் பளிச்சென்று வெள்ளியாகி, பேட்டைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி, காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நின்றது. கூடாரத் துணியை நடுக்கம்பில் இழுத்துக் கட்டினாற்போல ஒரு சரிவு. வயரை எடுத்தேன், பிறகு அயர்னை எடுத்தேன், ஆறும்வரை மூச்சுகூட விடவில்லை. அந்த ஒரு இணைப்பை அன்று எத்தனை முறை பூதக்கண்ணாடியில் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. உருகிய ஈயம் சூடும் சுத்தமும் இருக்கிற பக்கம்தான் ஓடும் என்பதைப் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியாத 25 வாட் அயர்ன். சும்மா சூட்டிலேயே விட்டுவிட்டால் முனை கறுத்துப்போகும். பிறகு அதில் ஈயமே நிற்காது. அரத்தால் ராவிவிடலாம் என்று கை போனது, நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். முனையின் உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. பூச்சு போனால் உருகிய ஈயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இப்போது பித்தளைச் சுருளில் துடைத்துவிட்டுப் புது ஈயம் பூசிய பிறகுதான் அணைக்கிறேன்.

சால்டரைப் பொதுவாக ஈயம் என்று சொன்னாலும், தொடக்கத்தில் நான் வைத்திருந்தது ஈய உலோகமே இல்லாத வயர். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்று கலந்த வயர் 183 டிகிரியிலேயே உருகும். குழைந்த நிலையில் தயங்காமல் நேரே கெட்டியாகும். பழகுகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது என்பது என் கருத்து. கண்ணை எரிக்கிற புகை ரோசினுடையது. இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை. ஆனாலும் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது, அதனால் புகைக்கு நேரே முகத்தைக் குனியாமல், சின்ன விசிறி ஒன்று பக்கவாட்டில் புகையை இழுத்துப்போகும்படி வைத்திருக்கிறேன். விரலில் ஒட்டுகிற ஈயம்தான் வயிற்றுக்குள் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை.

மூன்றாவது வாரம் முழுப் போர்டும் முடிந்தது. பேட்டரி கொடுத்தேன், மின்னியது. பத்து நிமிஷத்தில் நின்றது. போர்டை விரலால் அழுத்தினால் மின்னும், விட்டால் நிற்கும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு இணைப்பாக வைத்துப் பார்த்தேன், தொடர்பு இருக்கிறது என்று எல்லாமே பீப் அடித்தன. இரண்டு மாலை இதிலேயே போயிற்று. கடைசியில் பிடிபட்டது: மீட்டர் முள்ளை வைக்கிறபோது நானும் அழுத்தத்தானே செய்கிறேன்! விரல் அழுத்தினால் சேர்கிற விரிசல் முள் அழுத்தினாலும் சேரும். அதன் பிறகு மீட்டரை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு காலையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். ஐசி சாக்கெட்டின் 1-ஆம் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம். சுற்றிலும் மின்னிய இணைப்புகளுக்கு நடுவே அது மட்டும் சொரசொரப்பாக, மங்கலாக இருந்தது.

555-ல் 1-ஆம் கால் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் மைனஸ் முனையோடு சேர்வது. இந்தப் போர்டில் அந்தப் பேட் பரந்த செம்புத் தளத்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. மற்றக் கால்களுக்கு இரண்டு விநாடி போதும். இங்கே கொடுத்த சூட்டையெல்லாம் தளம் இழுத்துக்கொண்டது. ஈயம் காலில் மட்டும் பிடித்தது, பேட்டில் பிடிக்கவில்லை. கூர்முனையைக் கழற்றிவிட்டு உளிமுனை மாட்டினேன், தொடுகிற பரப்பு கூடியது. ஒரு துளி ஃப்ளக்ஸ் தடவி, ஐந்து விநாடி பிடித்தேன். மங்கல் போய் ஈயம் பளபளவென்று பேட்டின் ஓரம்வரை படர்ந்தது. அன்றிலிருந்து அந்த எல்இடி நிற்கவே இல்லை.

இடையில் ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாக வைத்துவிட்டேன். கழற்றும்போது ஈயம் முழுசாக உருகுமுன் இழுத்ததில் பேட் ஒன்று உரிந்து வந்துவிட்டது. வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் காலைப் பாலமாக வைத்து அடுத்த பேட்டோடு சேர்த்தேன். பார்க்க அழகில்லை, வேலை செய்கிறது. இப்போது கழற்ற வேண்டியதை முதலில் புது ஈயம் சேர்த்து நன்றாக உருக்கி, செம்புத் திரியில் உறிஞ்சவிட்டு, தானாக ஆடுகிறதா என்று பார்த்த பிறகே எடுக்கிறேன்.

இந்த வாரம் எஸ்எம்டி, அதாவது துளையில் செருகாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கிற பாகங்கள். 0805 அளவு ரெசிஸ்டர், நீளம் 2 மில்லிமீட்டர். ஒரு பேட்டில் மட்டும் கொஞ்சம் ஈயம் வைத்து, சாமணத்தால் ரெசிஸ்டரைப் பிடித்தபடி அந்த ஈயத்தை உருக்கி உள்ளே நகர்த்தி, அது நின்ற பிறகு மறுபக்கம். காலையிலிருந்து ஐந்து வைத்திருக்கிறேன். மூன்று நேராக உட்கார்ந்துவிட்டன. ஒன்று கொஞ்சம் சாய்வு, விட்டுவிடலாம். கடைசியில் வைத்தது மட்டும் ஒரு முனையில் எழுந்து நிற்கிறது. ஃப்ளக்ஸ் தொட்டு மறுபடி உருக்க வேண்டும், அயர்ன் சூடாகிக்கொண்டிருக்கிறது.