கத்தினால்தான் சிக்கனமா?

தானே புயல் (2011 டிசம்பர் 30) பார்த்த கடலூர்க்காரனுக்கு ஹாம் ரேடியோன்னா (பொழுதுபோக்கா தனியாள் நடத்துற வானொலி நிலையம்) முதல் கவலை பேட்டரிதான், புயல்ல கரண்ட் போயிடுமே.

எஸ்.எஸ்.பி.யில் (ஹாம்கள் குரல் அனுப்புற ஒரு முறை) குரல் ஏறி இறங்குறதை ஆம்ப்ளிஃபயர் அப்படியே பெருக்கணும். உச்சியை நசுக்கினா குரல் பக்கத்து அலைவரிசையிலும் சிதறும். அங்க இருக்கிறவர் சும்மா விடமாட்டார். கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபயர் சுத்தம்தான், ஆனா பேட்டரி தர்ற மின்சாரத்துல சிக்னலா மாறுறது உச்சத்திலேயே 50 சதவீதத்தைத் தாண்டாது, மீதி ஹீட் சிங்க்கைச் (சூட்டை வெளியேத்துற உலோகம்) சுடவைக்கும். கிளாஸ் பி வகை 78.5 சதவீதம் வரை போகும், அதுவும் உச்சக் குரலுக்கு மட்டும். குரல் தணிஞ்சு வெளியே வர்ற வோல்டேஜ் பாதியானா அது 39 சதவீதம்தான். கடலூர் முதுநகர் மீன் ஏலம் மாதிரி எந்நேரமும் கத்தவா முடியும்?

1936-லேயே பெல் ஆய்வகத்து டோஹர்ட்டி வழி கண்டுபிடிச்சிட்டார். ரெண்டு ஆம்ப்ளிஃபயர். ஒண்ணு எப்பவும் உழைக்கும், இன்னொண்ணு உச்சத்துக்கு மட்டும் எழுந்து வரும். பாதி வோல்டேஜிலேயே முதல் ஆள் அந்த 78.5 சதவீதத்தைத் தொட்டுடுவார். செல்போன் டவர்லயும் இதே வித்தைதான்.

நமக்கு இடிக்கிறது அந்த ரெண்டுக்கும் நடுவுல வர்ற கால் அலைநீள லைன் (அலைநீளத்துல கால் பங்கு அளவுள்ள கேபிள்). 40 மீட்டர் அலைவரிசைக்குச் செஞ்சது 20 மீட்டர்ல அரை அலை ஆயிடும், வேலைக்காகாது. லைனுக்குப் பதில் காயிலும் கெப்பாசிட்டரும் போட்டு, 40 மீட்டருக்கு மட்டும் ஒண்ணு செய்யறேன். டொராய்டுல (காயில் சுத்துற வளையம்) கம்பி சுத்திச் சுத்தி விரல் வலிக்குது. 20 மீட்டர் நண்பர்கள் பொறுத்துக்கணும்.