கசானில் காதில் விழுந்த கொச்சை

டிசம்பர் 9, 2024

முதல் வருடம் மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்த ரஷ்யன் ஒன்று, ரஷ்யாவின் கசான் நகரத்து மாணவர் விடுதியில் புழங்குகிற ரஷ்யன் வேறொன்று. விடுதிக்குப் பாடப்புத்தகத்தில் நாக்கு சுளுக்கும் நீளத்தில் ஒரு சொல் உண்டு. இங்கே எல்லோருக்கும் அது ‘அப்ஷாகா’தான். மதிப்பெண் பதிவுப் புத்தகம் ‘ஸச்சோத்கா’. உடற்கூறியல் கூடம் ‘அனதாமிச்கா’. ஷேர் வேன் ‘மர்ஷ்ருத்கா’. இரண்டு வார்த்தையில் ஓர் அரசாங்கப் பெயர் இருந்தால் ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தின் வாலில் ஒரு ‘கா’வை ஒட்டிவிடுகிறார்கள். பல்கலைக்கழகப் பழைய கட்டடத்துக்கு எதிரே இளம் லெனின் சிலையைச் சுற்றி வட்டமாக உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் செல்லப் பெயர் உண்டு: ‘ஸ்கவரோத்கா’, வாணலி. இப்போது அதில் பனிதான் வறுபடுகிறது.

டிசம்பர் 15

இன்று முழுக்க ‘ப்ளின்’. பஸ் போய்விட்டால் ப்ளின், டீ கொட்டினால் ப்ளின். அகராதியில் அது மெல்லிசான தோசை மாதிரி ஒரு பண்டம். பேச்சில் அது ஒரு கெட்ட வார்த்தை. சரியாகச் சொன்னால், கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்துவிட்டு, அதே ‘ப்ல’வில் தொடங்கி நல்ல பிள்ளையாக முடித்துக்கொள்ளும் தந்திரம்.

ரஷ்யனில் ‘மாத்’ என்று வசவுக்கென்றே தனி உலகம் இருக்கிறது. வேர்ச்சொற்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். முன்னாலும் பின்னாலும் ஒட்டுப் போட்டு அவற்றிலிருந்து எதையும் உண்டாக்கலாம்: வியப்பு, சலிப்பு, பாராட்டு கூட. 2014 ஜூலை 1 முதல் சினிமாவிலும் மேடையிலும் மாத்துக்குச் சட்டப்படி தடை. அது இருக்கிற புத்தகத்தை உறை போட்டு ஒட்டி, எச்சரிக்கை அச்சிட்டுத்தான் விற்க வேண்டும். இவ்வளவு கெடுபிடி இருந்தால் மாற்று வழியும் இருக்கத்தானே செய்யும்? ‘யோல்கி-பால்கி’ என்கிறார்கள்: ஃபிர் மரம், குச்சி. எனக்கு மிகவும் பிடித்தது ‘யபோன்ஸ்கி கரதவோய்’, ஜப்பானியப் போலீஸ்காரன். 1891-ல் ஜப்பானின் ஓட்சு நகரில், பின்னாளில் கடைசி ஜார் ஆன நிக்கலாயை ஒரு போலீஸ்காரர் வாளால் வெட்டினார். இளவரசர் தழும்போடு தப்பினார். வசவு அங்கிருந்து வந்தது என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, கால் கட்டைவிரல் கட்டிலில் இடித்தால் ஒரு ஜப்பானியப் போலீஸ்காரரைத் திட்டுகிற நாடு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 22

வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைக் கவனிக்கும் பாட்டி கூப்பிட்டு, “மகளே, எதிர்க்கடையில் மாண்டரின் ஆரஞ்சு வீசியிருக்கிறார்கள், போய் வாங்கு” என்றார். புத்தாண்டு என்றால் இங்கே மாண்டரின் இல்லாமல் முடியாது. ஆனால் கடையில் அது பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. யார் எதை வீசினார்கள்?

சோவியத் காலத்துப் பேச்சு அது. அரிதான சரக்கு திடீரென்று கடைக்கு வந்தால் ‘வீசியிருக்கிறார்கள்’ என்பார்கள். வரிசையைப் பார்த்தவுடன் “என்ன விற்கிறார்கள்?” என்று கேட்பதில்லை, “என்ன கொடுக்கிறார்கள்?” நம் ரேஷன் கடையில் “சர்க்கரை போடுறாங்க” என்பதில் இருக்கிற அதே தொனி. காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், ஆனாலும் வாங்குகிறவருக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. அன்று பொருளை ‘வாங்க’ முடியாது, எப்படியாவது ‘பிடிக்க’ வேண்டும். அதற்காகப் பையில் மடித்து வைத்திருந்த வலைப்பைக்கு ‘அவோஸ்கா’ என்று பெயர். ‘அவோஸ்’ என்றால் ‘ஒருவேளை’. ஒருவேளை ஏதாவது கிடைத்தால் போட்டுக்கொள்ள.

கிடைக்கச் செய்வது ‘ப்லாத்’, அதாவது ஆள் பிடிப்பு. “ப்லாத் சோவ்னார்கோமை விட மேலானது” என்று ஒரு சொலவடை உண்டு. சோவ்னார்கோம் என்பது அந்நாளைய அமைச்சரவை. சோவ்னார்கோம் 1946-லேயே பெயர் மாறிப் போயிற்று. ப்லாத் போகவில்லை. விடுதியில் ஜன்னல் பக்கத்து அறை யாருக்காவது கிடைத்தால் இன்றும் முதலில் வரும் சொல் அதுதான்.

ஜனவரி 3, 2025

எட்டாம் தேதி வரை நாடே விடுமுறை. ‘தவாய்’ என்ற ஒரே சொல்லை வைத்து நாளை ஓட்டிவிடலாம். ‘கொடு’ என்று பொருள். ‘போகலாம்’, ‘சரி’, ‘வைக்கிறேன்’ எல்லாமும் அதுவே. போனை வைப்பதற்குள் ஆளுக்கு நாலு தவாய்.

ஜனவரி 9

நாளை தேர்வு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மைனஸ் குளிரில் அப்ஷாகாவின் ஜன்னல்கள் திறந்தன. ஸச்சோத்காவை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டு “ஹல்யாவா, வா!” என்று கத்தினார்கள். புத்தகம் கைவசம் இல்லாதவர்கள் போனை நீட்டினார்கள். ஹல்யாவா என்றால் உழைக்காமல் வருவது, ஓசி. அது உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். காலணிக்குள் குதிகாலுக்கு அடியில் ஐந்து ரூபிள் காசு, ஏனென்றால் இங்கே உச்ச மதிப்பெண் 5. எல்லோரும் வருங்கால மருத்துவர்கள்!

காலையில் யாரும் ‘வாழ்த்துகள்’ சொல்லமாட்டார்கள். ‘மென்மயிரும் இறகும் கிடைக்காமல் போகட்டும்’ என்பார்கள். வேட்டைக்காரர்களின் பழைய வழக்கு, நல்லது சொன்னால் கண்பட்டுவிடும். பதிலுக்கு நன்றி சொன்னால் காரியம் கெட்டது. “க் சோர்து!” என்று, அதாவது பேயிடம் போ என்று, திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் பேராசிரியராக இருந்தாலும்.

ஜனவரி 16

தடை செய்த மின்அடுப்பைத் தேடி அறை அறையாகச் சோதனை. அதற்குப் பெயர் ‘ஷ்மோன்’, சிறைச் சோதனை. காட்டிக்கொடுத்தவள் யார் என்று விசாரணை. அவள் ‘ஸ்துகாச்’, தட்டுகிறவள். விடுதி நிர்வாகியின் பதவிப் பெயரே ‘கமெந்தாந்த்’, கோட்டைத் தளபதிக்கும் அதே சொல். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் 2004, 2005-ல் பிறந்தவர்கள்.

குலாக் எனப்பட்ட சோவியத் கட்டாய உழைப்பு முகாம்கள் வழியாக 1.8 கோடிப் பேர் போய் வந்ததாகக் கணக்கு. 1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகு வந்த பொதுமன்னிப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் வெளியே வந்தார்கள். முகாம் பேச்சும் அவர்களோடு வீட்டுக்கு வந்தது. சட்டம் ‘மாத்’தைத் தடுக்கிறது. ‘ஷ்மோன்’ யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கென்னவோ வசவைவிட இதுதான் கனமான சொல்லாகப் படுகிறது.

ஜனவரி 20

வகுப்பில் ஒருவன் இன்னொருவனை விளையாட்டாகச் ‘சுஷ்பான்’ என்றான். எழுபது, எண்பதுகளில் கசான் தெருக்களைக் கும்பல்கள் பங்கு போட்டிருந்தபோது, எந்தக் கும்பலிலும் சேராத பையனுக்கு வைத்த பெயர் அது. அவனை யாரும் அடிக்கலாம். 2023-ல் ஒரு தொடர் வந்து நாடு முழுக்க அந்தச் சொல் வேடிக்கையாகிவிட்டது. இந்த ஊரிலேயே வளர்ந்த எங்கள் ஆசிரியருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். “என் வகுப்பில் அந்தச் சொல் வேண்டாம்” என்றார், சுருக்கமாக. அவர் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் இருந்தார் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

ஜனவரி 25

தத்யானா நாள், மாணவர் தினம். 1755-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அரசி எலிசவெத்தா ஒப்பமிட்ட நாள். பீட்டர்ஸ்பர்கிலிருந்து வந்த இருவர் நடைபாதை ஓரக்கல்லை ‘பரெப்ரிக்’ என்றதும் சண்டை மூண்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ‘பர்த்யூர்’. அப்புறம் ஷவெர்மாவா, ஷவுர்மாவா என்று அரை மணி நேரம். நான் எல்லாவற்றையும் போனில் குறிப்பதைப் பார்த்து எனக்குத் ‘துஷ்னீலா’ பட்டம் கிடைத்தது: பக்கத்தில் இருந்தாலே மூச்சு முட்டவைக்கும் ஆள். அறைத்தோழிக்கு உயிர்வேதியியலில் ‘வால்’ விழுந்திருக்கிறது, அதாவது அரியர். மறுதேர்வு பிப்ரவரி 3. ஹல்யாவாவை இன்னொரு தடவை கூப்பிடலாமா என்று கேட்கிறாள்.