கைக்கெட்டுற தூரம் பக்கமா, தள்ளியா? ஒரு இடியம்ல நான் விட்ட மார்க்

எஸ்எஸ்சி சிஜிஎல், அதாவது மத்திய அரசு வேலைக்கான தேர்வுக்கு படிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன், முக்கியமா என்ன மாதிரி தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து இங்கிலீஷ் பகுதிய பாத்து பயப்படுறவங்களுக்கு.

டியர் 1ல, அதாவது முதல் கட்ட தேர்வுல, இங்கிலீஷ் 25 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், தப்பா போட்டா 0.50 கழியும். ஒரு மாக் டெஸ்ட்ல (பயிற்சித் தேர்வு) 'டு கீப் சம்ஒன் அட் ஆர்ம்ஸ் லெங்த்'ங்கிற இடியத்துக்கு (மரபுத்தொடர்) அர்த்தம் கேட்டிருந்தாங்க. எனக்கு சந்தேகமே இல்ல, 'பக்கத்துலயே வச்சுக்கிறது'ன்னு இருந்த ஆப்ஷன போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போய்ட்டேன். தப்பு. சரியான விடை, ஒருத்தர்கிட்ட ரொம்ப நெருங்கிப் பழகாம எட்டவே நிறுத்தி வைக்கிறது.

ஏன் தப்பா போட்டேன்னு ரெண்டு நாள் மண்டைய குடைஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது, நம்ம ஊர்ல 'கைக்கெட்டுற தூரம்'னா பக்கம்னு அர்த்தம், கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னுதானே சொல்றோம், அதனால கைன்னு வந்ததும் மனசு தானா பக்கம்னு எடுத்துக்குது. இங்கிலீஷ்லயும் அந்த அர்த்தத்துக்கு தனியா 'வித்தின் ஆர்ம்ஸ் ரீச்'னு ஒண்ணு இருக்கு. ரீச் வந்தா பக்கம், லெங்த் வந்தா தள்ளி. இந்த ஜோடிய சேத்து எழுதி வச்சுக்கோங்க.

எனக்கு இது மறக்காம ஒட்டிக்கிட்டது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல. சொந்த புக் வச்சு படிக்கிற இடத்துல தினமும் பக்கத்துல உக்காருற ஒரு அக்காகிட்ட இத சொன்னேன். அவங்க வெளிய கூட்டிட்டு வந்து, கைய முழுசா நீட்டி உள்ளங்கைய என் தோள்ல வச்சு அழுத்தி, "இப்ப கிட்ட வா பாப்போம்"னாங்க. ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியல. "அவ்ளோதான்மா, பேசலாம், சிரிக்கலாம், ஆனா இதுக்கு மேல உள்ள வரக்கூடாது"ன்னாங்க. நாம பட்டும் படாம பழகுறதுன்னு சொல்றோமே, அதேதான்.

அன்னிலேர்ந்து இடியம் நோட்டுல டிக்‌ஷனரி அர்த்தம் எழுதுறத விட்டுட்டு, எனக்கு தெரிஞ்ச ஒரு ஆள வச்சு ஒரு வரி எழுத ஆரம்பிச்சேன். எங்க பெரியப்பா நிலத் தகராறுக்கு அப்புறமும் விசேஷத்துக்கு வருவார், சாப்புடுவார், நல்லாருக்கியான்னு கேப்பார், அதோட சரி, அது ஆர்ம்ஸ் லெங்த். கல்யாண மண்டபத்துல எதிர்ல வந்தும் தெரியாத மாதிரி மூஞ்ச திருப்பிட்டு போனாங்க ஒரு சித்தி, அது 'கோல்ட் ஷோல்டர்', வேணும்னே அலட்சியம் பண்றது. வெட்டுப்பழி குத்துப்பழின்னு நிக்கிறது 'அட் டாகர்ஸ் டிரான்'. மூணும் ஒரே ஆப்ஷன் வரிசைல வந்தாலும் இப்ப எனக்கு குழம்பாது, ஆளுங்க முகம் வந்து நின்னுரும்.

'கீப் அட் பே' மட்டும் தனியா பாருங்க, அது நோய், எதிரி, பசி மாதிரி ஆபத்தான ஒண்ணு நம்மள அண்டாம தடுக்குறது, ஆள்கிட்ட பழகுற விஷயம் இல்ல.

எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கிற கேள்வில, 'இன் ஆர்ம்ஸ் லெங்த்'னு மாத்தி குடுத்தா கவனிங்க, 'அட்' தான் வரணும். டியர் 2ல ஒரு கேள்வி 3 மார்க், தப்புக்கு 1 போகும், அங்க ஒரு சின்ன ப்ரிபொசிஷனுக்கு விலை ஜாஸ்தி. காமர்ஸ் படிச்சவங்களுக்கு இது ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைதான், இன்கம்டாக்ஸ் சட்டத்துல வர்ற 'ஆர்ம்ஸ் லெங்த் ப்ரைஸ்', ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாத ரெண்டு பேர் பேசி முடிக்கிற மாதிரியான விலை. அங்கயும் அதே எட்ட நிக்கிறதுதான்.

அடுத்து 'அப் இன் ஆர்ம்ஸ்' படிங்க, அதுல ஆர்ம்ஸ்னா கை கிடையாது, ஆயுதம். கோவமா எதிர்த்துக் கிளம்புறதுன்னு அர்த்தம்.